பகையாளி வீட்டில் குடியிருக்கும் மேக்

அண்ணன் ஒரு ஃப்ளாப்பியை என் மேசையில் வைத்துவிட்டு, "இதுல என்னோட அல்கோல் ஸ்டாக் இருக்கும்மா. எடுக்க முடியுமான்னு பாரு" என்றார். லேபிளில் நீல மையில் அவர் கையெழுத்து: "அல்கோல் – கடைசி பிரதி". உலோக மூடியை விரலால் தள்ளிப் பார்த்தேன். ஸ்பிரிங் இன்னும் விறைப்பாக இருந்தது. உள்ளே தட்டில் பூஞ்சை இல்லை. அதைப் பார்த்ததுமே பாதி நிம்மதி.

அல்கோல் பெர்சியஸ் கூட்டத்தில் இருக்கும் விண்மீன். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கி மீளும். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்களில் மங்கலானது பிரகாசமானதை மறைப்பதுதான் காரணம். 1988 முதல் 1990 வரை அண்ணன் அதை வெறுங்கண்ணால் பார்த்துக் குறித்துவந்தார். குறிப்பெல்லாம் ஆப்பிளின் மேக் பிளஸ் கம்ப்யூட்டரில், கார்டு கார்டாகக் குறிப்பு வைத்துக்கொள்ளும் ஹைப்பர்கார்டு என்ற புரோகிராமில். ஒரு இரவுக்கு ஒரு கார்டு. மொத்தம் 214 கார்டுகள். அந்தக் கட்டுக்குத்தான் ஸ்டாக் என்று பெயர். கார்டில் ஒரு பட்டனை அழுத்தினால் அந்த நேரம் பதியும், முந்தைய பதிவிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று காட்டும், அடுத்து எப்போது மங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தக் கணக்கை அண்ணனே எழுதினார். அப்போது நான் சின்னப் பெண். பட்டனை அழுத்துவது என் வேலை.

மேக் பிளஸ் இன்னும் எங்களிடம் இருக்கிறது. படம் வருவது நின்று பல வருடம் ஆகிறது. திரைக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டு போய்விட்டது. ஆனால் சிப்கள் இருக்கும் போர்டு நன்றாகவே இருந்தது. இந்தப் பதிவுக்கு அது முக்கியம்.

முதலில் ஃப்ளாப்பி. மேக்கின் 800 கே ஃப்ளாப்பியை பிசி டிரைவில் போட்டால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். தவறிக்கூட ஆம் சொல்லிவிடக் கூடாது. பிசி டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று என்று ஒரே வேகத்தில் சுழலும், ஒவ்வொரு தடத்திலும், அதாவது தட்டில் உள்ள ஒவ்வொரு வட்டத்திலும், செக்டர் என்ற துண்டுகளை ஒரே எண்ணிக்கையில் எழுதும். மேக் அப்படியில்லை. 80 தடங்களை 16, 16 ஆக ஐந்து பட்டையாகப் பிரித்து, வெளிப்பட்டையில் தடத்துக்கு 12 செக்டர், அடுத்ததில் 11, பிறகு 10, 9, 8 என்று வைக்கும். வெளியே தடம் நீளம், உள்ளே குட்டை. நீளமான தடத்தை வீணாக்கக் கூடாது என்பது யோசனை. அதற்காக மேக்கின் டிரைவ் சுழலும் வேகத்தையே சுமார் 394-லிருந்து 590 சுற்று வரை மாற்றிக்கொள்ளும். கூட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் 800 செக்டர், தலா 512 பைட், அதாவது 400 கே. இரண்டு பக்கமும் சேர்த்து 800 கே. போதாததற்கு, பிட்களைக் காந்தமாக மாற்றும் குறியீட்டு முறையும் வேறு.

இதற்கு இப்போது நல்ல வழி உண்டு. டிரைவுக்கும் யுஎஸ்பிக்கும் நடுவே ஒரு சிறு போர்டை மாட்டினால், அது பைட்டைப் பற்றியே கவலைப்படாது. காந்தம் புரளும் ஒவ்வொரு முறைக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று மட்டும் அளந்து தரும். டிரைவ் 300 சுற்றிலேயே சுழலட்டும். மேக்கில் 2 மைக்ரோசெகண்டாக எழுதிய பிட் வெளிப்பட்டையில் சுமார் 2.6 ஆக நீளும், உள்பட்டையில் 3.9 வரை போகும். நீளம் தெரிந்துவிட்டால் மிச்சம் வெறும் கணக்கு. 1600 செக்டரில் இரண்டு மட்டும் அடம்பிடித்தன. டிரைவின் படிக்கும் தலையைத் துடைத்துத் துடைத்து ஐந்தாவது முறை படித்தபோது அவையும் செக்சம், அதாவது பைட்களைக் கூட்டிச் சரிபார்க்கும் எண், சரியாக வந்துவிட்டன.

அன்று மாலையே மினி விமேக் என்ற எமுலேட்டரில், அதாவது ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டராக நடிக்கும் புரோகிராமில், ஃப்ளாப்பியின் முழு நகலான அந்த இமேஜைத் திறந்து அண்ணனுக்குக் காட்டிவிட்டேன். மேக் பிளஸ்ஸைப் போலவே நடக்கும் அருமையான புரோகிராம் அது. அண்ணன் கார்டுகளைப் புரட்டிப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். வேலை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஒரு கேள்வி உட்கார்ந்துவிட்டது. என் முன்னால் இருப்பது இன்டெல் பிசி. மேக்கின் ஜென்மப் பகையாளி. இதற்குள் இருந்துகொண்டு 1986-ம் வருட மேக் சாஃப்ட்வேர், தான் வேறு வீட்டில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் எப்படி வாழ்கிறது? அதை வாசித்துத் தெரிந்துகொண்டால் போதாது, கட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வேலை முடிந்து வந்து தினம் ஒன்றிரண்டு மணி நேரம். ஏழு மாதம் ஆயிற்று.

போட்டிக்காரரின் புரோகிராமைத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிக்காட்டும் ஆசை கம்ப்யூட்டர் வியாபாரத்தின் வயதுக்குக் கிட்டத்தட்ட சமம். 1963 டிசம்பரில் ஹனிவெல் தன் 200 மாடலை அறிவித்தபோது, கூடவே 'லிபரேட்டர்' என்று ஒரு சாஃப்ட்வேரையும் வைத்தது. ஐபிஎம் 1401-க்கு எழுதிய புரோகிராம்களை ஹனிவெல்லில் ஓடும்படி மாற்றித் தருவது அதன் வேலை. விடுவிப்பவர் என்ற பெயரிலேயே யாரிடமிருந்து என்பது இருக்கிறது. 1964 ஏப்ரலில் ஐபிஎம் சிஸ்டம்/360-ஐ அறிவித்தது. அதன் மாடல் 30, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் மைக்ரோகோடு என்ற அடிப்படைக் கட்டளைகளின் துணையோடு பழைய 1401 புரோகிராம்களை அப்படியே ஓட்டியது. வாடிக்கையாளர் பல வருடமாக எழுதிச் சேர்த்த புரோகிராம்களை யார் சுமந்துசெல்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் அவர் போவார். இரண்டு கம்பெனிக்கும் அது தெரிந்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த கதை அடாரி எஸ்டி என்ற கம்ப்யூட்டருடையது. 1985-ல் வந்த எஸ்டியிலும் மேக்கிலும் ஒரே பிராசஸர்: மோட்டோரோலா 68000. டேவிட் ஸ்மால் என்பவர் 1986-ல் 'மேஜிக் சாக்' என்ற கார்ட்ரிட்ஜைச் செய்தார். அதில் நிஜ மேக்கின் ரோம் சிப்களை, அதாவது மேக்கின் அடிப்படைப் புரோகிராம் அழியாமல் பதிந்திருக்கும் சிப்களை, சொருகிக்கொள்ள வேண்டும். பிராசஸர் ஒன்றே என்பதால் கட்டளைகளை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சுற்றுப்புறத்தை மட்டும் மாற்றிக் காட்டினால் போதும். அதன்பின் 'ஸ்பெக்டர் 128', 1989-ல் 'ஸ்பெக்டர் ஜிசிஆர்'. கடைசியாகச் சொன்னது மேக் ஃப்ளாப்பியையே நேராகப் படித்தது. எஸ்டியின் கார்ட்ரிட்ஜ் துளைக்கு ஒதுக்கிய மெமரி 128 கேபி. மேக் பிளஸ்ஸின் ரோமும் சரியாக 128 கேபி. அளவெடுத்துத் தைத்ததைப் போல.

இதில் ஒரு விஷயம் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. எஸ்டியில் ஓடிய மேக், நிஜ மேக்கைவிட வேகமாக ஓடியது. மேக்கில் திரைக்கான படத்தை மெமரியிலிருந்து எடுத்துப்போகும் சர்க்யூட் அடிக்கடி பிராசஸரைக் காக்க வைக்கும். எஸ்டியில் இருவரும் மாறிமாறி முறை வைத்து மெமரியைத் தொடுவார்கள், காத்திருப்பு இல்லை. திரையும் 512-க்கு 342 என்பதற்குப் பதில் 640-க்கு 400 புள்ளி. பகையாளி வீட்டில் விருந்தாளிக்குச் சொந்த வீட்டைவிடப் பெரிய அறை கிடைத்தது.

அமிகா என்ற இன்னொரு கம்ப்யூட்டரில் மேக்கை ஓட்ட 'ஷேப்ஷிஃப்டர்' என்ற புரோகிராமை எழுதிய கிறிஸ்டியன் பாவர் சந்தித்தது வேறு விதமான கஷ்டம். மேக்கில் எல்லா புரோகிராமும் பிராசஸரின் சூப்பர்வைசர் நிலையில், அதாவது முழு அதிகாரத்தோடு ஓடும். அமிகாவில் பல புரோகிராம்கள் ஒன்றாக ஓடுவதால் சாதாரணப் புரோகிராமுக்கு அந்த அதிகாரம் கிடையாது. மேக் ஏதாவது அதிகாரக் கட்டளையைச் சொல்லும்போதெல்லாம் பிராசஸர் விதிமீறல் என்று நிறுத்தும். ஷேப்ஷிஃப்டர் அதைப் பிடித்து, கேட்டதைச் செய்து கொடுத்து, மேலே போ என்று அனுப்பிவிடும். அதே பாவர் பிறகு எழுதிய 'பசிலிஸ்க் II' திறந்த மூலம். என் எமுலேட்டரில் நான் செய்த பாதி விஷயங்களை அந்த மூலத்தை வரிவரியாகப் படித்துத்தான் கற்றேன்.

எனக்கு அவர்களுக்கு இருந்த வசதி இல்லை. இன்டெல் பிராசஸருக்கு 68000-ன் பாஷை தெரியாது. அதனால் ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து, என்னவென்று பார்த்து, அதற்கான வேலையை நான் எழுதிய ஃபங்ஷன் செய்ய வேண்டும். 68000-ன் கட்டளைச் சொல் 16 பிட். 65,536 இடம் கொண்ட ஒரு அட்டவணையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன். எண்ணை மெமரியில் வைக்கும் முறையும் தலைகீழ். 68000 பெரிய பைட்டை முன்னால் வைக்கும், இன்டெல் சின்ன பைட்டை முன்னால் வைக்கும். இதெல்லாம் பொறுமை கேட்கும் வேலைகள், பயப்பட ஒன்றுமில்லை.

ரோமை எங்கள் பிளஸ்ஸிலிருந்தே எடுத்தேன். இரண்டு சிப், தலா 64 கேபி. ஒன்றில் இரட்டைப்படை பைட்கள், மற்றதில் ஒற்றைப்படை. சிப்பைப் படிக்கும் ஈப்ரோம் ரீடரில் தனித்தனியாகப் படித்து, சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல ஒன்றுவிட்டு ஒன்று கோத்தேன். மின்சாரம் வந்ததும் 68000 மெமரியின் முதல் நான்கு பைட்டை ஸ்டாக் (அண்ணனின் கார்டு ஸ்டாக் இல்லை, பிராசஸர் தற்காலிகமாக எழுதிவைக்கும் மெமரிப் பகுதி) இருக்கும் இடமாகவும், அடுத்த நான்கை முதல் கட்டளை இருக்கும் இடமாகவும் எடுத்துக்கொள்ளும். மேக்கின் ரோமில் முதல் நான்கு பைட்டைப் பார்த்தால் அது எந்த மெமரி இடமும் இல்லை. ரோம் முழுவதையும் கூட்டினால் வர வேண்டிய செக்சம் அது! ஸ்டாக்கைத் தொடுவதற்கு முன்பே ரோம் அதைச் சரியான இடத்துக்கு மாற்றிவிடுகிறது. அதனால் அந்த நான்கு பைட்டை வேறொன்றுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். இப்படி ஒரு பைட்டையும் வீணாக்காத கைகள் எழுதியது என்று தெரிந்த பிறகு, அந்த ரோமின் ஒவ்வொரு வரியையும் மரியாதையோடு படிக்க ஆரம்பித்தேன்.

அதே செக்சம் இரண்டாவது வாரம் என்னை நிறுத்தியது. ஃப்ளாப்பி டிரைவின் சிப்பை அப்படியே நடித்துக்காட்டும் யோசனையை நான் விட்டுவிட்டேன். சுழலும் வேகம், தடம் மாறும் நேரம், காந்தப் புரளல் எல்லாவற்றையும் நடிக்க வேண்டிவரும். மேக் புரோகிராம்கள் பெரும்பாலும் அந்தச் சிப்பை நேராகக் கேட்பதில்லை. ரோமில் இருக்கும் டிஸ்க் டிரைவரிடம் "இந்தச் செக்டரைக் கொடு" என்றுதான் கேட்கும். அந்த டிரைவருக்குப் பதில் நான் உட்கார்ந்துகொண்டால் போதும். 68000-ல் அர்த்தமே இல்லாத ஒரு கட்டளைச் சொல்லை, ஹெக்ஸில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறையில்) 71 என்று தொடங்குவதை, ரோமில் டிரைவர் இருக்கும் இடத்தில் எழுதிவைத்தேன். எமுலேட்டர் அதைப் பார்த்ததும் நிஜ உலகத்துக்கு வந்து, ஃபைலிலிருந்து 512 பைட்டை எடுத்துக் கொடுத்துவிடும். பசிலிஸ்கில் கற்ற வழி.

ஓட்டினேன். கறுத்த திரை, நடுவில் முகம் வாடிய குட்டி மேக், கீழே 01 என்று தொடங்கும் எண். ரோம் பழுது என்று அர்த்தம். எடுத்த ரோமில்தான் தப்பு என்று நினைத்து இரண்டு சிப்பையும் மறுபடி கழற்றிப் படித்தேன். இரண்டு பிரதிக்கும் ஒரு பிட்கூட வித்தியாசமில்லை. அப்புறம்தான் உறைத்தது. ரோம் தன்னைத்தானே கூட்டிப் பார்க்கிறது. நான் எழுதிவைத்த கட்டளைகளால் கூட்டுத்தொகை மாறியிருக்கிறது. அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது: உன் உடம்பில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று. அந்தச் சோதனையைத் தாண்டிப் போகும்படி ஒரு கட்டளையை மாற்றினேன். அடுத்த ஓட்டத்தில் முகம் சிரித்தது.

அதிலிருந்து டெஸ்க்டாப் வர இரண்டு மாதம். எலி அம்பு அசைந்தது, குப்பைத்தொட்டி இருந்தது. மெனுவை அழுத்தினால் மட்டும் எமுலேட்டரே விழுந்துவிடும். ஒவ்வொரு முறையும், மெனுவைத் தொட்ட கணத்தில்.

இந்தத் தவறைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 68000-க்குள் அட்ரஸ் 32 பிட்டாக இருக்கும். ஆனால் சிப்பிலிருந்து வெளியே வரும் அட்ரஸுக்கு 24 பிட்தான். மேல் பைட்டில் என்ன எழுதியிருந்தாலும் மெமரிக்கு அது தெரியாது. மேக்கை எழுதியவர்களுக்கு மெமரி பஞ்சம். முதல் மேக்கில் 128 கேபிதான். சும்மா கிடக்கும் அந்த மேல் பைட்டில் அவர்கள் குறிப்பு எழுதிவைத்தார்கள்: இந்தத் துண்டு பூட்டப்பட்டது, இதைத் தேவைப்பட்டால் தூக்கிப்போடலாம், இது ஃபைலிலிருந்து வந்த ரிசோர்ஸ். அட்ரஸும் குறிப்பும் ஒரே நான்கு பைட்டில். இதை நான் படித்திருந்தேன். மெமரியைப் படிக்கும் ஃபங்ஷனிலும் எழுதும் ஃபங்ஷனிலும் மேல் பைட்டை வெட்டிவிட்டுத்தான் போனேன்.

ஆனால் கட்டளைகளை எடுக்கும் இடத்தில் வேகத்துக்காகக் குறுக்குவழி வைத்திருந்தேன். அது அந்த ஃபங்ஷன் வழியாகப் போகாது. மெனுவை வரையும் புரோகிராமும் ஒரு ரிசோர்ஸ் துண்டு. மேக் அதை மெமரியில் பூட்டிவிட்டு அதன் அட்ரஸுக்குத் தாவும். தாவும் அட்ரஸின் மேல் பைட்டில் 'பூட்டு', 'ரிசோர்ஸ்' என்று இரண்டு குறிப்பு. நிஜ சிப்புக்கு அது கண்ணில் படாது. என் குறுக்குவழி அந்தக் குறிப்பையும் அட்ரஸாக எடுத்துக்கொண்டு எங்கோ வெட்டவெளியில் போய் விழுந்தது. நான்கு இரவு தேடி, கடைசியில் மாற்றியது ஒரு வரி. மெனு விரிந்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

ஆப்பிளுக்கும் இந்தப் பழக்கம் பின்னாளில் பெரிய தொல்லையாயிற்று. 32 பிட் அட்ரஸையும் வெளியே காட்டும் பிராசஸர்கள் வந்த பிறகும் சில மேக்குகளின் ரோமில் இதே வழக்கம் இருந்தது. 1991-ல் சிஸ்டம் 7 வந்தபோது அந்த மேக்குகளில் பெரிய மெமரியைப் பயன்படுத்த 'மோட் 32' என்ற தனி சாஃப்ட்வேர் தேவைப்பட்டது. எங்கும் சட்டமாக எழுதாத ஒன்று, சிப்பில் அந்தக் கம்பி இல்லை என்பதாலேயே சாஃப்ட்வேருக்குக் கொடுத்த வாக்காகிவிட்டது. எமுலேட்டர் எழுதுகிறவர் அந்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும். சிப்பின் ஒவ்வொரு கம்பியையும் நகலெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. டிஸ்க் விஷயத்தில் நான் எடுக்கவில்லை. ஆனால் சாஃப்ட்வேர் எதை நம்பிச் சாய்ந்திருக்கிறதோ, அது அங்கே இருந்தாக வேண்டும். டிஸ்க் சிப்பை நேராகத் தொட்ட சில விளையாட்டுகள், காப்பி எடுப்பதைத் தடுக்க அப்படிச் செய்தவை, என் எமுலேட்டரில் ஓடாது. அவற்றுக்கு மினி விமேக்கோ வேறொன்றோ பார்க்க வேண்டும். என் ஹைப்பர்கார்டுக்கு அது தடையில்லை.

மேக்கின் அமைப்பில் எனக்கு மிகவும் உதவியது ஏ-லைன். ஹெக்ஸில் ஏ என்ற எழுத்தில் தொடங்கும் எந்தக் கட்டளையும் 68000-க்குத் தெரியாது. பார்த்ததும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் தாவும். மேக் அதையே தன் கதவாக வைத்துக்கொண்டது. விண்டோ திற, எழுத்து வரை, ஃபைலைப் படி என்று எதைக் கேட்டாலும் இரண்டு பைட்டில் முடியும். கதவில் நின்று பார்த்தால் போதும். மேக் என்ன செய்கிறது என்று வரிசையாகக் கேட்கலாம். என் லாக் ஃபைல் முழுக்க அந்த வரிசைதான். அடாரியும் தன் வரைபட வேலைகளுக்கு இதே கதவைப் பயன்படுத்தி 'லைன்-ஏ' என்றே பெயர் வைத்திருந்தது. ஒரே சிப், இரண்டு எதிரிகள், ஒரே யோசனை.

ஹைப்பர்கார்டு திறந்தது. அல்கோல் ஸ்டாக் திறந்தது. கடைசிக் கார்டில், 14 மார்ச் 1990, அண்ணனைக் கூப்பிட்டு பட்டனை அழுத்தச் சொன்னேன். "முந்தைய பதிவிலிருந்து நாட்கள்" என்ற இடத்தில் −31484 என்று வந்தது. அண்ணன் ஒரு பேப்பரில் கணக்குப் போட்டார். "1904 ஜனவரி 1-ல இருக்கியாம்மா நீ?" என்றார். மேக் நேரத்தை 1904 ஜனவரி 1-லிருந்து செகண்டாக எண்ணும். கடிகாரச் சிப்பை நான் இன்னும் எழுதவில்லை. அது பூஜ்யம் என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மாலையில் முடிந்த வேலை அது. 32 பிட் செகண்ட் எண்ணிக்கை 2040 பிப்ரவரி 6-ல் நிரம்பிவிடும் என்பதையும் அன்று குறித்துவைத்தேன்.

கடைசித் தவறை அண்ணன்தான் பிடித்தார். அவரிடம் பழைய நோட்டுப்புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு இரவும் பிளஸ் சொன்ன அடுத்த மங்கும் நேரத்தைப் பேனாவால் எழுதியிருக்கிறார். ஒரு வாரம் உட்கார்ந்து 214 கார்டையும் என் எமுலேட்டரில் மறுபடி கணக்குப் போடச் செய்து நோட்டோடு ஒப்பிட்டார். 213 சரி. ஒன்று மட்டும் நாலு மணி நேரத்துக்கு மேல் தள்ளி. "இந்த ஒண்ணு மட்டும் ஏம்மா?" என்றார். மினி விமேக்கில் அதே கார்டைப் போட்டேன்; நோட்டில் இருந்த நேரம் வந்தது. தவறு என்னுடையது.

மேக் பிளஸ்ஸில் தசமக் கணக்குக்குத் தனிச் சிப் இல்லை. 'சேன்' என்ற ஆப்பிளின் எண்கணித சாஃப்ட்வேர் 80 பிட் எண்களைச் சாதாரண முழு எண் கட்டளைகளைக் கொண்டே கூட்டிப் பெருக்கும். பெரிய எண்ணைத் துண்டு துண்டாகக் கூட்டும்போது, முந்தைய துண்டில் மிஞ்சியதை அடுத்த துண்டோடு சேர்க்க 68000-ல் ஒரு கட்டளை உண்டு. கையால் கூட்டும்போது பத்துக்கு மிஞ்சிய ஒன்றை அடுத்த இடத்தில் வைப்போமே, அதேதான். மினி விமேக்கின் மூலம் திறந்திருப்பதால் அதிலும் என்னுடையதிலும் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் பிராசஸருக்குள் எண்களை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களை ஃபைலில் எழுத வைத்தேன். இரண்டு ஃபைலையும் பக்கத்தில் வைத்து, முதல் வித்தியாசம் எங்கே என்று தேடினேன். பல லட்சம் வரிகளுக்குப் பிறகு அந்த இடம் வந்தது. மூன்று எண்ணைக் கூட்ட வேண்டும்: இது, அது, மிஞ்சிய ஒன்று. நான் முதலில் மிஞ்சிய ஒன்றை இரண்டாவது எண்ணோடு சேர்த்துவிட்டு, பிறகு முதல் எண்ணோடு கூட்டினேன். இரண்டாவது எண்ணின் எல்லாப் பிட்டும் ஒன்றாக இருந்தால், கூட ஒன்று சேர்ந்ததும் அது பூஜ்யமாகச் சுருண்டுவிடும். மிஞ்ச வேண்டிய ஒன்று அங்கேயே தொலைந்துவிடும். எல்லாப் பிட்டும் ஒன்றாக அமைவது மிக அபூர்வம். என் சோதனைகள் எதிலும் அமையவில்லை. அண்ணன் பல வருடத்துக்கு முன் ஓர் இரவில் பட்டனை அழுத்திய அந்த செகண்டில் அமைந்திருக்கிறது.

ஆப்பிளே 1994-ல் பவர்பிசி என்ற வேறு பிராசஸருக்கு மாறியபோது, பழைய 68000 புரோகிராம்களுக்காக கேரி டேவிடியன் எழுதிய எமுலேட்டரை ஒவ்வொரு பவர் மேக்கிலும் வைத்து அனுப்பியது. சிஸ்டத்தின் பெரும்பகுதியே அந்த எமுலேட்டருக்குள்தான் ஓடியது. அதை வாங்கியவர்களின் கணக்குகளில் இப்படி ஒரு மிச்சம் தொலைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு நினைத்துக்கொண்டே படுத்தேன். எனக்கு ஒரு அண்ணன் சோதித்துக் கொடுத்தார்.

2024 நவம்பர் 2, இரவு வானம் தெளிவாக இருந்தது. அண்ணன் வெளியே போய் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்து, என் எமுலேட்டரில் 215-வது கார்டைத் திறந்தார். பட்டனை அழுத்தினார். 12652 நாட்கள் என்று வந்தது. பிரகாசத்தை டைப் செய்தார், குறிப்பு இடத்தில் "மெல்லிய பனி" என்று சேர்த்தார், விண்டோவை மூடிவிட்டார்.

"அண்ணா, சேவ் பண்ணலயே!" என்று பதறிவிட்டேன்.

"ஹைப்பர்கார்டுல சேவ் பண்ண வேண்டாம்மா. அதுவே எழுதிக்கும்."

லாக் ஃபைலைத் திறந்தேன். கடைசி வரிகளில் என் டிஸ்க் டிரைவர் பதிவு செய்திருந்தது: எழுதியது, செக்டர் 611, 512 பைட். எழுதியது, செக்டர் 612, 512 பைட்.